தாத்தா கொண்டுவந்த வெள்ளிக் காசு

கேள்வி: ஏடன் துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா கொண்டுவந்த பெரிய வெள்ளிக் காசு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் முக்காடு போட்ட அம்மாள், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்ற ஆண்டு. மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு. நகைக் கடைக்காரர் "டூப்ளிகேட்" என்கிறார். உண்மையா?
- ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: என்னிடம் உள்ள அதே காசை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதன் பெயர் மரியா தெரசா தாலர். அந்த அம்மாள் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா. 1765-ல் கணவரை இழந்தபின் கடைசிவரை துக்க உடையைக் களையவில்லை, முக்காடு அதனால்தான்.

அவர் இறந்தது 1780 நவம்பரில். ஆட்சி மாறினால் காசில் முகமும் மாறும். ஆனால் ஏமனில் காப்பிக்கொட்டை விற்ற வியாபாரிகளுக்கு இந்த முகம்தான் வேண்டும். தோளில் குத்திய அணியின் முத்துகளை எண்ணிப் பார்த்து வாங்குவார்களாம். அதனால் அரசி போன பிறகும் அதே முகம், அதே 1780. தோளுக்குக் கீழே எஸ், எஃப் என்று இரண்டு எழுத்து இருக்கும், பாருங்கள். கியுன்ஸ்புர்க் நாணயச்சாலை அதிகாரிகள் ஷோபல், ஃபாபி இருவரின் முதலெழுத்து. அவர்கள் காலம் முடிந்தும் எழுத்தை யாரும் எடுக்கவில்லை.

1935-ல் எத்தியோப்பியாமீது படையெடுத்த முசோலினிக்கு அங்கே செல்லுபடியாகும் காசு தேவைப்பட்டது. ஆஸ்திரியாவிடமிருந்து அச்சை வாங்கி ரோமில் அடித்தார். பிறகு லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் என்று ஆளாளுக்கு அடித்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது நம் பம்பாய் நாணயச்சாலையும் அடித்தது! வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள்.

ஆகவே உங்களுடையது 1780-ல் அடித்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அதற்காக டூப்ளிகேட் என்று சொல்லிவிட முடியாது. நாணயச்சாலையில் அடித்தது என்றால் எடை 28 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. பற்றவைத்த ஈயமோ வெள்ளியோ ஒட்டியிருந்தால் எடை சற்று மாறும். விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். 'நீதியும் கருணையும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் புடைப்பாக இருக்கும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. வார்ப்பில் ஊற்றிய போலியில் அந்த எழுத்து மழுங்கிக் கிடக்கும்.

அந்தத் தழும்பால் சந்தையில் விலை குறையும். எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. ஏமன் பக்கத்துப் பெண்கள் இந்தக் காசுக்கு வளையம் வைத்துக் கழுத்தில் போடுவார்கள். உங்கள் காசும் யாரோ ஒருத்தியின் மாலையில் தொங்கியிருக்கலாம்.

ஒன்றே ஒன்று: புளி, விபூதி எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சிறுவனாக இருந்தபோது என் முதல் தாலரைப் பல்பொடியால் பளபளவென்று தேய்த்தேன். அதன் முகத்தில் விழுந்த கீறல்கள் இன்றும் இருக்கின்றன.

இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து அனுப்புங்கள். கழுகின் வால் இறகுகள் தெளிவாகத் தெரியட்டும். எந்த ஊரில் அடித்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.