அக்னிவீர் வேலைக்கு மூன்றரை லட்சமா? பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுப் பக்கத்து ஊர் அகாடமியில் ஆறு மாதமாக ஓடிப் பழகுகிறான். அங்கே வந்துபோகும் ஒருவர், ஆள் எடுக்கும் அதிகாரிகளைத் தெரியும், மூன்றரை லட்சம் கொடுத்தால் ராணுவத்தில் வேலை நிச்சயம், முன்பணம் ஒரு லட்சம் என்கிறார். பையன் கையில் என் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். அதைச் சரிக்கட்டத் தனியாக 40 ஆயிரம் கேட்கிறார். பத்தாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். சேர்ப்பதற்கு முன் அவரிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
— ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: "மார்க் ஷீட்டை எப்போது தருகிறீர்கள்?" வேறெதையும் அவரிடம் கேட்காதீர்கள். ராணுவத்துக்கு ஏஜென்ட் கிடையாது, கமிஷன் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய், அதுவும் இணையதளத்திலேயே கட்டுவது. தேனி மாவட்டத்துக்கான ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. சந்தேகம் கேட்க அது ஓர் இடம். இன்னொன்று 'ஜாயின் இண்டியன் ஆர்மி' என்ற அரசு இணையதளம். அதன் முகவரி என்.ஐ.சி. டாட் இன் என்றுதான் முடியும். வேறு மாதிரி முடிந்தால் அது யாரோ கடை விரித்திருப்பது.

இந்த ஆசாமிகளின் கணக்கு எளிது. இருபது பையன்களிடம் பணம் வாங்குவார்கள், பிறகு எதுவும் செய்ய மாட்டார்கள். இருபதில் மூன்று நான்கு பேர் தங்கள் காலால் ஓடி, தங்கள் மூளையால் எழுதித் தேறிவிடுவார்கள். பணம் வாங்கியவர் அதை "என் வேலை" என்று சொல்லிக்கொள்வார். தேறாதவர்களின் வீட்டுக்கு வந்து, "மேலே அதிகாரி மாறிட்டார், அடுத்த ரேலியில பார்த்துக்கலாம்" என்பார். (ரேலி என்றால் ஓட்டமும் உடல் அளவும் பார்க்கும் ஆள்சேர்ப்பு முகாம்.) ரொம்பச் சத்தம் போடுகிறவருக்கு மட்டும் 'செலவு' கழித்து மீதியைத் திருப்பிக் கொடுப்பார். அப்படித் திருப்பிக் கொடுத்ததைக் காட்டியே அடுத்த இருபது பேரைப் பிடிப்பார். உங்கள் மகன் ஆறு மாதமாக ஓடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். தேறக்கூடிய பையனாகப் பார்த்துத்தான் கேட்கிறார்.

தேர்வில் அவர் கை வைக்க இடம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். முதலில் கம்ப்யூட்டரில் பொது நுழைவுத் தேர்வு. ஜெனரல் டியூட்டி என்ற பொதுச் சிப்பாய் பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழியும். 2025 அறிவிப்பிலிருந்து தமிழிலும் எழுதலாம். அதில் தேறினால் ரேலி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு 60 மதிப்பெண்; 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி. புல் அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறோடு நின்றால் 16தான். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். கடிகாரமும் அளவு நாடாவும் முடிவு செய்யும் இடத்தில் எந்த அதிகாரியைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இப்போது பச்சை குத்திய விஷயம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் 40 ஆயிரம் இங்கேதான் போகிறது. உடம்பில் நிரந்தரப் பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பது பொது விதி. அதற்கு விலக்கு உண்டு: முழங்கையின் உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பக்கம், அதோடு புறங்கை. இந்த இரண்டு இடத்தில் இருந்தால் தடையில்லை. பையனை உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர் அந்த நிலையில், மணிக்கட்டுக்கும் முழங்கை மடிப்புக்கும் நடுவே நேராக உங்களைப் பார்த்தபடி தெரிந்தால் அது உட்பக்கம், விதியே அனுமதிக்கிறது. கையைத் திருப்பினால்தான் தெரிகிறது, அதாவது முடி வளரும் வெளிப்பக்கத்தில் இருக்கிறது என்றால் அனுமதி இல்லை. மடிப்பைத் தாண்டிப் புஜத்துக்கு ஏறினாலும் இல்லை. தோள், மார்பு, கழுத்து எதுவும் கூடாது. எழுத்து சின்னதா பெரியதா, அம்மா பெயரா சாமி பெயரா என்பதெல்லாம் பேச்சில்லை, இடம்தான் கணக்கு. (வழக்கப்படி பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்குத் தனிச் சலுகை உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.) ஆக, உட்பக்கத்தில் இருந்தால் சும்மா கிடைப்பதை 40 ஆயிரத்துக்கு விற்கிறார். வெளிப்பக்கத்தில் இருந்தால் அவரால் முடியாததை விற்கிறார்.

இனி, உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள். முதல் கேள்வி: இது எத்தனை வருட வேலை? "பென்ஷன் வேலை" என்று அவர் சொல்லியிருந்தால் அது 2022-க்கு முந்தைய கதை. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டப்படி சிப்பாய் நிலையில் சேரும் கிட்டத்தட்ட எல்லோரும் அக்னிவீர்கள். பயிற்சியையும் சேர்த்து நான்கே ஆண்டு. அதன் முடிவில், ஒன்றாகச் சேர்ந்த ஒரு அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள், அவர்கள் குறைந்தது இன்னும் 15 ஆண்டு இருக்க வேண்டும். 'அதிகபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாலில் ஒருவருக்கு உறுதி என்று எங்கும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கேன்டீன் அட்டையும் இல்லை. 18 வயதில் சேரும் பையன் 22 வயதில் வீட்டு வாசலில் நிற்பான் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

சம்பளம் முதல் ஆண்டு மாதம் 30,000. கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும். இரண்டாம் ஆண்டு கைக்கு 23,100, மூன்றாம் ஆண்டு 25,550, நான்காம் ஆண்டு 28,000. நான்கு ஆண்டில் பையன் பங்காகச் சேர்வது 5.02 லட்சம், அதே அளவு அரசும் போடும். வட்டியோடு சுமார் 11.71 லட்சம் வெளியே வரும்போது கிடைக்கும், வருமான வரி இல்லை. முதல் ஆண்டு முழுக்கக் கைக்கு வருவது 2.52 லட்சம். நீங்கள் கொடுக்கப்போவது மூன்றரை. நகையை அடகு வைத்துக் கொடுத்தால் வட்டி தனி.

பாதியில் வந்துவிடலாமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த விருப்பத்தில் விலக அனுமதி இல்லை. மிக அபூர்வமான காரணத்துக்கு மேலதிகாரி ஒப்புதல் கொடுத்தாலும், பையன் போட்ட பங்கும் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு வராது. கல்யாணம்: சேரும்போது மணமாகாதவனாக இருக்க வேண்டும், நான்கு ஆண்டும் அப்படியே. நடுவில் கல்யாணம் முடித்தால் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. வீட்டில் அத்தை மகளுக்குப் பேசி வைத்திருந்தால் அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். விடுப்பு ஆண்டுக்கு 30 நாள்.

"மெட்ராஸ் ரெஜிமென்ட் வாங்கித் தரேன், வெலிங்டன்ல பக்கத்துலயே இருப்பான்" என்பதும் இந்த ஆட்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு. எந்தப் படைப்பிரிவு என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும், எங்கே வேண்டுமானாலும் போக வேண்டியிருக்கும்.

கேட்கக் கூசும் கேள்வி ஒன்று உண்டு, கேட்டுத்தான் ஆக வேண்டும். பணியில் இருக்கும்போது உயிர்போனால் 48 லட்சம் காப்பீடு. அதற்குப் பிரீமியம் பிடிப்பதில்லை. பணி காரணமாக இறந்தால் அதோடு 44 லட்சம் கருணைத்தொகையும் மீதிக் காலச் சம்பளமும் உண்டு. பணி காரணமான ஊனத்துக்கு அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. சேரும் நாளில் நாமினி படிவத்தில் யார் பெயரை எழுதினான் என்று பையனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பையன் பதிவில் யாருடைய மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன? அகாடமி ஆளே பதிவு செய்து கொடுத்திருந்தால் பெரும்பாலும் அவருடையதுதான் இருக்கும். அட்மிட் கார்டு அவருக்குப் போகும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், தேறிய செய்தியும் முதலில் அவருக்கே தெரியும். தேறிவிட்டான் என்று தெரிந்ததும் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து "மேலே பேசிட்டேன், மீதியைக் கொடுங்க" என்பார். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பதிவைப் பையன் பெயரில், பையன் எண்ணில் வைத்திருங்கள். அவசரப்பட்டு இன்னொரு தடவை புதிதாகப் பதிய வேண்டாம், இரட்டைப் பதிவு இருந்தால் தள்ளிவிடுவார்கள்.

சான்றிதழ்கள் விஷயத்தில் நம் ஊர்ப் பையன்கள் தோற்பது ஓட்டத்தில் தோற்பதைவிட எரிச்சலானது. பத்தாம் வகுப்பில் 'கார்த்திக் சு', ஆதாரில் 'சு கார்த்திக்', ஜாதிச் சான்றில் 'கார்த்திக் சுப்பிரமணி'. இனிஷியல் என்ற ஒன்று இருப்பதையே அறியாதவர்கள் போட்ட படிவம் இது; நாம்தான் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதே மூலம். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், மாறாகச் செய்யாதீர்கள். அப்பா, அம்மா பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே. நன்னடத்தைச் சான்றும் மணமாகாதவர் சான்றும் ஊராட்சித் தலைவரோ நகராட்சியோ புகைப்படம் ஒட்டித் தர வேண்டும், இரண்டும் ரேலிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பார்க்கும் ஊர் என்றால் அவரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை; ரேலி தேதி வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது. வெள்ளைப் பின்னணியில் 20 பாஸ்போர்ட் படம் எடுத்து வையுங்கள். இருப்பிடச் சான்று, ஜாதிச் சான்று இ-சேவையில் கிடைக்கும். மனு போட்டதும் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், கிராம நிர்வாக அலுவலர் மேசையிலோ அதற்கு மேலேயோ எங்காவது தூங்கும், தட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

மருத்துவப் பரிசோதனை, ஏமாற்றுபவர்களின் இரண்டாவது கடை. 'அன்ஃபிட்' என்று எழுதியதும் ஒருவர் பக்கத்தில் வந்து "ஐம்பதாயிரத்துல முடிச்சிடலாம்" என்பார். தகுதியில்லை என்று சொன்னால் ராணுவ மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு அனுப்பச் சீட்டுத் தருவார்கள். அதில் போட்ட நாளுக்குள் அந்த மருத்துவமனையில் நிற்பதுதான் முக்கியம், காசு முக்கியமில்லை. பல காரணங்கள் முன்கூட்டியே சரிசெய்யக் கூடியவை: காதில் அழுக்கு அடைத்திருப்பது, மூலம், சொத்தைப் பல். காதை ரேலிக்கு முன்பே ஒரு டாக்டரிடம் சுத்தம் செய்துவிடுங்கள். ஓடுவதற்கு முன் 'ஸ்டாமினா ஊசி' என்று யார் எதைக் கொடுத்தாலும் பையன் வாங்கவே கூடாது.

முன்பணம் கொடுத்துவிட்டால்? அரசு ஊழியரைச் சரிக்கட்ட இன்னொருவர் கையில் பணம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவர் மீதே குற்றமாகலாம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் அதிலிருந்து தப்பலாம். புரோநோட்டில் எழுதி வாங்கினேன் என்பதெல்லாம் பிற்பாடு உங்களுக்கு எதிராகவே திரும்பும். இதுவரை கொடுக்கவில்லை என்பதால் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மார்க் ஷீட்டுக்கு வருகிறேன். நாளைக் காலையில் பையனையும் வீட்டில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். "பேங்க் லோனுக்கு அசல் கேட்கிறாங்க" என்று காரணம் சொன்னாலும் சரி, சண்டை வேண்டாம். "ஆபீஸ்ல கொடுத்திருக்கேன்" என்று இழுத்தால், எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில், யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார். மறுநாளே உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்; ரசீது தராமல் அனுப்பினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே நாளில் பையன் படித்த பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தால் என்னென்ன இணைக்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள். அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், ரேலி அதுவரை காத்திருக்காது.