வாசகர் கேள்வி – பதில்: மருத்துவரே நோயில் படுத்துவிட்டால்

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். முடித்து, வெளிநாட்டு மருத்துவர்கள் பிரிட்டனில் பணியாற்ற எழுதும் பிளாப் தேர்வில் தேறி, 14 மாதங்களுக்கு முன் வட இங்கிலாந்தில் ஓர் என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசின் பொதுச் சுகாதாரச் சேவை) மருத்துவமனையில் பணியில் சேர்ந்தான். சாலை விபத்தில் கால் முறிந்து, இரண்டு அறுவைச் சிகிச்சைகள் ஆகிவிட்டன. இரண்டு மாதம் முழுச் சம்பளம் வந்தது. இப்போது பாதிதான் வருகிறது. மருமகளும் கைக்குழந்தையும் அவனோடு இருக்கிறார்கள். நொடித்துப்போன மருத்துவர்களுக்கென்றே அங்கு அறநிதியங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றில் உதவி பெற்றால் விசாவுக்குப் பங்கம் வருமா? "டாக்டருக்குப் படித்தவன் கையேந்துவதா?" என்று அவனுடைய அப்பா ஒரே பிடியாக மறுக்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத தாய், மதுரை

பதில்: அம்மா, முதலில் விசாவைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். வேலை விசாவில் வந்தவர்கள் "பொது நிதி" பெறக்கூடாது என்ற நிபந்தனை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் குறிப்பது, சட்டத்தில் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்ட அரசு உதவிகளை மட்டுமே. தனியார் அறநிதியம் தரும் தொகை அந்தப் பட்டியலில் இல்லை. வேலை கொடுத்தவர் வழியாக வரும் சட்டபூர்வ நோய்க்கால ஊதியமும் அதில் சேராது.

அடுத்தது கணக்கு. என்.எச்.எஸ். நோய்க்கால ஊதியம் பணிக்கால அளவைப் பொறுத்தது. முதல் ஆண்டில் ஒரு மாதம் முழு ஊதியமும் இரண்டு மாதம் பாதி ஊதியமும் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் இரண்டும் இரண்டும். மூன்றாம் ஆண்டில் நான்கும் நான்கும். ஐந்து ஆண்டுகள் நிறைந்த பிறகுதான் ஆறும் ஆறும். தங்கள் மகன் இரண்டாம் ஆண்டில் இருப்பதால், நான்கு மாதங்கள் கழிந்ததும் மருத்துவமனைச் சம்பளம் அடியோடு நின்றுவிடும். அதன் பின் கைக்கு வருவது வாரத்துக்குச் சுமார் 120 பவுண்டு அளவிலான சட்டபூர்வ நோய்க்கால ஊதியம் மட்டுமே. அதுவும் நோய்ப்பட்ட நாளிலிருந்து மொத்தம் 28 வாரங்களோடு முடிந்துவிடும் என்பதால், நான்கு மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ பத்து வாரங்களே மிஞ்சும். அதற்கடுத்து வரக்கூடிய, காப்பீட்டுப் பங்களிப்பை அடிப்படையாகக் கொண்ட அரசு உதவிக்குப் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். புதிதாகக் கடல் கடந்து போன மருத்துவர் சறுக்கி விழுவது சரியாக இந்த இடைவெளியில்தான்.

ஆகவே பாதிச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடன் அட்டைகள் நிரம்பி, வாடகை இரண்டு மாதம் பாக்கி விழுந்த பிறகு எழுதினால், வரும் உதவியெல்லாம் பழைய கடனுக்கே போய்விடும். முதலில் அணுக வேண்டியது 1836இல் தொடங்கப்பட்ட ராயல் மெடிக்கல் பெனவலன்ட் ஃபண்ட். நோய், விபத்து, மரணம் போன்றவற்றால் வருவாய் இழந்த மருத்துவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் அது உதவுகிறது. வீட்டுச் செலவுக்குத் தொகை தருவதோடு நில்லாமல், கடன்களை ஒழுங்குபடுத்தவும் விடுபட்ட சலுகைகளைக் கண்டறியவும் பண ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வார்கள். என் அனுபவத்தில், பணத்தைவிட அந்த ஆலோசனையே பல குடும்பங்களை நிமிர்த்தியிருக்கிறது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி வரவு செலவுப் பட்டியல். வாடகை, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, மின்சாரம், மளிகை, குழந்தைக்கான செலவு, கார்த் தவணை என்று வரிவரியாக எழுதி, வங்கிக் கணக்கறிக்கையையும் இணைக்க வேண்டியிருக்கும். நம்மவர்கள் தடுமாறும் வரி ஒன்று உண்டு: ஊருக்கு அனுப்பும் பணம். கூச்சப்பட்டு அதை எழுதாமல் விடுவார்கள். ஆனால் மாதந்தோறும் 300 பவுண்டு மதுரைக்குப் போவது வங்கி அறிக்கையில் பளிச்சென்று தெரியும், கணக்கு உதைக்கும், கடிதப் போக்குவரத்தில் வாரங்கள் ஓடிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதட்டும். ஊரில் உள்ள வீட்டுக் கடனை அறநிதியம் அடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தவணையைச் சில மாதம் தாங்களே சமாளிக்க முடியுமா என்று பாருங்கள்.

தங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். இந்தப் பணம் வழிப்போக்கர் போட்ட காசு அன்று. நன்றாக இருக்கும் காலத்தில் மருத்துவர்கள், நொடித்துப்போகும் மருத்துவருக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துச் சேர்த்து வைத்தது. தங்கள் மகன் நாளை எழுந்து நடமாடி, அதே நிதிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பினால் அப்பா அதைத் தடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கை நிறையச் சம்பாதிக்கும் மருத்துவர்களுக்கு எதற்குத் தர்மம்? ஏழைகளுக்குப் போக வேண்டிய பணம் அல்லவா இது?
– வாசகர், திருச்சி

பதில்: ஏழைகளிடமிருந்து இதில் எதுவும் பறிக்கப்படுவதில்லை, மருத்துவர்களின் நன்கொடையும் உயில் சொத்துமே இவற்றின் பெரும் அடித்தளம். இவை தோன்றிய காலத்தையும் பாருங்கள். இலண்டனில் மருத்துவர்களின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவவென்று ஒரு சங்கம் 1788இலேயே அமைந்தது. ஓய்வூதியமோ நோய்க்கால ஊதியமோ இல்லாத காலம் அது. காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் போன மருத்துவர் அதே காய்ச்சலில் மடிந்தால், குடும்பம் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். 1855இல் திறக்கப்பட்ட, எப்சம் கல்லூரி என்னும் பள்ளியும் அத்தகைய குடும்பங்களை மனத்தில் வைத்து எழுப்பப்பட்டதே.

இன்று என்.எச்.எஸ். இருக்கிறதே என்பீர்கள். ஆனால் தற்காலிகப் பணி பார்க்கும் மருத்துவருக்கும், சொந்தப் பங்காகக் கிளினிக் நடத்தும் ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவருக்கும் மேலே சொன்ன ஊதிய அட்டவணை பொருந்தாது. தனியாகக் காப்பீடு எடுக்காதவர் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். கிளினிக்கின் வாடகையும் ஊழியர் சம்பளமும் படுக்காது.

கேள்வி: என் கணவர் பிரிட்டனில் ஜி.பி.யாக இருந்து சென்ற ஆண்டு காலமானார். நான் மருத்துவர் அல்லள். எனக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் உதவி உண்டா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: உண்டு, சகோதரி. ஜி.பி.க்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் மட்டுமே என்று 1970இல் ஏற்பட்ட கேமரன் ஃபண்ட் தங்களுக்கு நேர்வழி. பிள்ளைகளின் படிப்பு தொடர்பாக எப்சம் கல்லூரியோடு இணைந்த ராயல் மெடிக்கல் ஃபவுண்டேஷனையும் கேட்கலாம். அதற்கு முன், கணவரின் என்.எச்.எஸ். ஓய்வூதியக் கணக்கில் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டியது முழுவதும் வந்துவிட்டதா என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: மனச்சோர்வால் விடுப்பில் இருக்கும் மருத்துவர் நான். உதவி கேட்டால், மருத்துவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலுக்குச் செய்தி போய்விடுமோ?
– பெயர் வேண்டாம், பர்மிங்ஹாம்

பதில்: அறநிதியங்கள் கவுன்சிலின் கிளைகள் அல்ல, விண்ணப்பங்களை அவை இரகசியமாகவே கையாளுகின்றன. பணத்தோடு மனத்துக்கும் துணை வேண்டியிருப்பதால், 2008இல் தொடங்கிய பிராக்டிஷனர் ஹெல்த் என்னும் என்.எச்.எஸ். சேவையையும் அணுகுங்கள், மருத்துவர்கள் தாங்களாகவே பதிவு செய்துகொள்ளலாம், பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. வருமானம் குறைந்த ஆண்டில் கவுன்சிலின் ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கேட்கவும் வழி இருக்கிறது. அதைக் கேட்பதற்குத் தங்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, வருமானத்தைச் சொன்னால் போதும்.