மூக்கின் எடை தெரிந்து எஞ்சின் வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் ஒரு பெரியவரிடம் பழைய கன்ட்ரோல் லைன் மாதிரி விமானம் (கைப்பிடியில் கட்டிய கம்பிகளால் பிடித்து வட்டமாகப் பறக்கவிடுவது) ஒன்றை எஞ்சின் இல்லாமல் வாங்கினேன். இறக்கையின் நீளம் 50 அங்குலம், எடை 900 கிராம். இப்போது இரண்டு எஞ்சின்கள் விலைக்கு வருகின்றன. ஒன்று பழைய ஃபாக்ஸ் 35 ஸ்டன்ட். மற்றது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்திலிருந்து கழற்றிய, பால் பேரிங்கும் சைலன்சரும் உள்ள 46. சக்தி அதிகம் என்பதால் 46-ஐயே வாங்கிவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். 35 என்பது 0.35 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.7 சி.சி.; 46 என்பது சுமார் 7.5 சி.சி. கிணற்று மோட்டாருக்குக் குதிரைத்திறன் கூடினால் தண்ணீர் கூடும் என்று பழகிய நமக்குப் பெரிய எஞ்சின் மீது ஆசை வருவது இயல்புதான். ஆனால், ஃபாக்ஸ் 35 ஏறத்தாழ 200 கிராம் எடைதான் இருக்கும். நீங்கள் சொல்லும் 46 சைலன்சரோடு 400 கிராமைத் தாண்டிவிடும். மூக்கில் கூடும் அந்த 200 கிராமைச் சமன்செய்ய வாலில் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். நானும் ஒருமுறை அப்படிக் கட்டினேன். விமானம் பறந்தது, ஆனால் கரணம் அடிக்கச் சொன்னால் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போலத்தான் திரும்பியது.

எந்த எடை பொருந்தும் என்பதை விமானத்திடமே கேட்டுவிடலாம். எஞ்சின் உட்காரும் மரக்கட்டைகளின்மேல் ஒரு சிறு துணிப்பையைக் கட்டி, இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் இரு விரல்களால் விமானத்தைத் தாங்கிக்கொண்டு, அது மட்டமாக நிற்கும் வரை பையில் ஆணிகளைப் போடுங்கள். டேங்க் காலியாக இருக்க வேண்டும். பிறகு பையை மளிகைக்கடைத் தராசில் நிறுத்தால், புரொப்பல்லரும் அதன் நட்டும் சேர்ந்த எஞ்சினின் எடை கிடைத்துவிடும். அந்தக் கட்டைகளில் உள்ள பழைய துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். முன்பு எந்த அளவு எஞ்சின் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்தால், எஞ்சினுக்கு முன் மரத்துக்குத்தான் செலவு.

ஃபாக்ஸுக்கு வேறொரு குணமும் உண்டு. எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போகும்படி ஊசியைத் திருகி வைத்தால், மட்டமாகப் பறக்கும்போது நிதானமாக ஓடி, மூக்கு மேலே தூக்கும்போது தானாகவே வேகம் பிடிக்கும். வட்டத்தின் நடுவில் கைப்பிடியோடு நிற்பவருக்கு எஞ்சினைக் கட்டுப்படுத்த வேறு வழி இல்லாததால், இது பெரிய வசதி. ரேடியோ எஞ்சினைக் கட்டாயம் பொருத்துவதென்றால் அதன் கார்புரேட்டரை எடுத்துவிட்டு வென்ச்சுரி (திறப்பு அளவு மாறாத காற்றுக்குழாய்) போட வேண்டும்.

வாங்கும் முன் புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காற்று அடைபட்டு எதிர்த்துத் தள்ள வேண்டும். சுற்றவே மறுத்தால் எரிபொருளில் கலந்திருந்த பழைய விளக்கெண்ணெய் உள்ளே காய்ந்திருக்கும். குறடு போட்டுத் திருகாமல் மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள்.

60 அடிக் கம்பியில், ஒரு சுற்றுக்கு 5 விநாடி வீதம் பறந்தால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் விமானம் எஞ்சினோடு கையை இழுக்கும் விசை மூன்று கிலோவைத் தாண்டும். பெல்கிராங்கையும் (கம்பியின் இழுப்பை வாலுக்குக் கடத்தும் நெம்புகோல்) கம்பி முடிச்சுகளையும் அதற்கு மூன்று மடங்கு இழுத்துப் பார்த்த பிறகே பறக்கவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது உலோகக் கம்பி என்பதால், மின்கம்பிகள் அருகே உள்ள தோட்டவெளி எவ்வளவு விசாலமாக இருந்தாலும் ஆகாது.

கேள்வி: எஞ்சின் எரிபொருளில் கலக்க எங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டிய கொட்டமுத்து எண்ணெய் (விளக்கெண்ணெய்) போதுமா?
– வாசகி, காங்கயம்

பதில்: சரக்கு சரியானதுதான், பழைய இரும்பு பிஸ்டன் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயே உயிர். ஆனால் செக்கெண்ணெயில் உள்ள பிசின் உள்ளே படிந்து அடைக்கும் என்பதால், பிசின் நீக்கித் தெளியவைத்த எண்ணெயை வாங்குங்கள். எரிபொருளில் கால் பங்குக்குக் குறையாமல் அது இருக்கட்டும். மீதியில் பெரும்பகுதி மெத்தனால். அது கொடிய விஷம், உரிமக் கட்டுப்பாடும் உடையது. ஆகவே வீட்டில் கலக்காமல் மாதிரி விமானக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.