பின்லாந்தின் முதல் தலைவர் ஸ்வின்ஹூவுட்டா, ஸ்டோல்பெர்க்கா?

வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பின்லாந்தின் முதல் தலைவர் என்று ஓரிடத்தில் ஸ்வின்ஹூவுட், இன்னோரிடத்தில் ஸ்டோல்பெர்க் என்று இருக்கிறதே, எதை விடையாக வைப்பது?

முதலில் கேள்வியைத் திருத்துங்கள். 'முதல் குடியரசுத் தலைவர்' என்று கேட்டால் ஸ்டோல்பெர்க்தான், சந்தேகமே வேண்டாம். 1919 ஜூலையில் நாடாளுமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 143 வாக்கு, எதிர்த்து நின்ற ஜெனரல் மன்னர்ஹைமுக்கு 50. வெறும் 'முதல் தலைவர்' என்று விட்டால் யாராவது கையைத் தூக்கி ஸ்வின்ஹூவுட் என்பார்கள், அதையும் தவறென்று சொல்ல முடியாது.

ஸ்வின்ஹூவுட் நீதிபதி, நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகர். ரஷ்ய ஆட்சியின் சட்டவிரோத உத்தரவுகளுக்குப் பணிய மறுத்ததால் 1914இல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், ஜார் வீழ்ந்த பிறகு 1917இல்தான் திரும்பினார். அந்த டிசம்பரில் சுதந்திரப் பிரகடனம் வந்தபோது செனட்டின், அதாவது அப்போதைய அரசாங்கத்தின், தலைவர் அவர்தான். வெளிநாடுகளோ முதலில் ரஷ்யாவின் அங்கீகாரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டன. அப்போது ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்திருந்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளை அறவே பிடிக்காத இந்த மனிதர் அதற்காக ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்குப் போய், டிசம்பர் 31 இரவு அவர்களின் தலைமையகமான ஸ்மோல்னி மாளிகையில் காத்திருந்து, லெனின், ட்ராட்ஸ்கி, ஸ்டாலின் எல்லாரும் கையெழுத்திட்ட தாளை வாங்கி வந்தார்.

குழப்பம் 1918இல்தான். உள்நாட்டுப் போர் முடிந்ததும் மே மாதம் உச்ச அதிகாரம் அவரிடமே தரப்பட்டது. ரீஜென்ட், அதாவது அரசர் இல்லாத இடத்தில் ஆள்பவர். ஒரு ஜெர்மன் இளவரசரை அரசராகக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆனால் ஜெர்மனி போரில் தோற்றதும் அந்தத் திட்டம் படுத்துவிட்டது. டிசம்பரில் ஸ்வின்ஹூவுட் விலக, ரீஜென்ட் பொறுப்பு மன்னர்ஹைமிடம் போனது. ஆக, 'முதல் நாட்டுத் தலைவர்' என்று கேட்டால் நான் ஸ்வின்ஹூவுட் என்றே போடுவேன்.

அப்புறம், உங்கள் பட்டியலுக்கு இன்னும் நல்ல கேள்வி 1931 குடியரசுத் தலைவர் தேர்தலில் இருக்கிறது. அதில் ஸ்டோல்பெர்க்கை ஸ்வின்ஹூவுட் வென்றது 151க்கு 149 என்ற கணக்கில், வெறும் இரண்டே வாக்கு! தீவிர வலதுசாரி லாப்புவா இயக்கத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. மறு வருடமே அந்த இயக்கத்தினர் மன்ட்சாலா என்ற ஊரில் ஆயுதத்தோடு கூடினார்கள். அவரோ வானொலியில் பேசி, வீட்டுக்குப் போனால் சாதாரண ஆட்களுக்குத் தண்டனை இல்லை, தலைவர்களுக்கு மட்டுந்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1937 தேர்தலில் கல்லியோவிடம் பதவியை இழந்தார்.