அப்பா நினைவாகக் குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி: கேட்டவர்களுக்குப் பதில்

அப்பா நினைவாக ஆறு வருடமாக நிதி திரட்டுகிறேன் என்று தெரிந்து பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாறசாலை தம்பி: அண்ணே, உங்க அப்பா போனது நெஞ்சுவலியில்தானே, அப்புறம் ஏன் இது?

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா டீக்கடை வைத்திருந்தார். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் விடியற்காலையில் அங்கே பஸ் மாறுவார்கள். முடி கொட்டி, மாஸ்க் போட்ட பிள்ளை வந்தால் அப்பா ஒரு கிளாஸில் கொதிக்கிற வெந்நீரை இரண்டு தடவை ஊற்றிக் கழுவி, பாலை நன்றாகப் பொங்கவிட்டு ஆற்றிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். வந்துகொண்டிருந்த பிள்ளை ஒருநாள் வராமல் போனால், குணமாகிவிட்டதா, காசில்லாமல் நிறுத்திவிட்டார்களா, இல்லை வேறு எதுவுமா என்று ராத்திரி வீட்டில் வந்து எங்களிடம் கேட்பார். எங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தூர் அக்கா: ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கில் வேண்டுமே. நம் ஐம்பதாயிரம் என்ன செய்யும்?

புது மருந்து கண்டுபிடிக்காது, அது உண்மைதான் அக்கா. உங்கள் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே மருந்துக் கம்பெனியில் இருந்தபோது அவருடைய குழுவிலிருந்து வந்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியதை 1948இல் வெளியிட்டார். ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதாது. அதை நம் பிள்ளைகளுக்கு எந்த முறையில், எந்த வரிசையில் கொடுப்பது என்று பார்க்க வேண்டும். 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, மும்பை டாடா ஆஸ்பத்திரி, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் கொண்டுவந்த பிறகு பிழைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. அது தெரிந்ததே ஒவ்வொரு பிள்ளையையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிவைத்ததால்தான். போன் போட்டு விசாரிக்க, பதிவேட்டில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். நம் ஐம்பதாயிரம் அங்கே உதவும். வராமல் போன பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அப்பா கேட்டாரே, அதைக் கேட்பதுதான் அந்த வேலை.

செங்கோட்டை தம்பி: யார் கணக்கில் வாங்குவது?

உங்கள் கணக்கில் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் என் ஜிபேயில் வாங்கி மொத்தமாகக் கட்டினேன், ரசீது என் ஒருவன் பெயரில் வந்தது. கொடுத்தவர்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அவர்கள் பேரில் தப்பே இல்லை. நிறுவனத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள், குறிப்பில் அப்பா பெயரைப் போடச் சொல்லுங்கள். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கிடைக்காது. புது வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை தங்கச்சி: ஆராய்ச்சிக்கு என்று கொடுத்தால் அதற்குத்தான் போகுமா?

எழுத்தில் இருந்தால் போகும் தங்கச்சி. ஒரு வருடம் ஓரிடத்தில் வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தோம், பொது நிதியில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் நோயாளிகளுக்குத்தான் போயிருக்கும், ஆனாலும் நாங்கள் ஊராரிடம் சொல்லி வாங்கியது வேறு காரணத்துக்கு. அன்றிலிருந்து முதலில் கடிதம், அவர்களுடைய பதில் கைக்கு வந்த பிறகுதான் வசூல்.

துபாயிலிருந்து ஒரு மார்த்தாண்டத்துக்காரர்: நான் அனுப்பலாமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம் அண்ணாச்சி. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அனுமதி உள்ள நிறுவனத்துக்கு மட்டும்.

குழித்துறை அக்கா: திதிக்குச் சாப்பாடு போடாமல் இதைச் செய்தால் அம்மா வருத்தப்படுவார்களே?

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள் அக்கா. நாங்கள் இரண்டையும் செய்கிறோம், இலை எண்ணிக்கையைத்தான் குறைத்தோம். தங்கை புற்றுநோயில் போன துக்கத்தை மனதில் வைத்திருந்துதான் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார், அம்மாவிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். ரசீது வந்ததும் அவர்கள் கையிலேயே கொடுங்கள், அப்பா படத்துக்கு முன்னால் அவர்களே வைக்கட்டும். எங்கள் வீட்டில் ஆறு ரசீதையும் அம்மா, அப்பாவுடைய பற்று நோட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.