பீரோ சாவி யாரிடம்?

கேள்வி: எனக்கு வயது 73. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சில ஆண்டுகளாக மரணத்தைக் கலக்கமில்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறது. உயில் எழுதிவிட்டேன், கண் தானத்துக்கும் பதிவு செய்துவிட்டேன். எல்லாம் பீரோவில் இருக்கின்றன; சாவி எப்போதும் என் அரைஞாண் கயிற்றில்தான். மனைவி அழுவாள் என்பதால் அவளிடம் சொல்லவில்லை. மகனோ, பேச்செடுத்தாலே ‘அபசகுனம்’ என்று தடுக்கிறான். என்னுடைய இந்த அமைதி பக்குவமா, வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போனதன் அடையாளமா?

— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, பசியும் உறக்கமும் சரியாக இருந்து, காலையில் செய்தித்தாளைத் தேடும் ஆர்வமும் குறையாமல் இருக்குமானால், எழுபதைத் தாண்டியவர் சாவைப் பற்றி நினைப்பதில் நோயும் இல்லை, அபசகுனமும் இல்லை. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சாவியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

உங்கள் உயிர் பிரியும் நாளில் அதை யார் எடுப்பார்கள்? குளிப்பாட்ட வருகிறவர்கள் அரைஞாண் கயிற்றை அறுக்கும்போதுதான் அது வெளியே வரும். கருவிழியை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குள் அந்த நேரம் கடந்திருக்கும். கண் வங்கிக்கு உடனே தகவல் சொல்லி, அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி அவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்து, வந்தவர்களிடம் சம்மதக் கையெழுத்தும் போட்டுத் தர வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் மனைவி. அவருக்கோ நீங்கள் பதிவு செய்திருப்பதே தெரியாது. பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் அட்டையால் யாருக்குப் பார்வை கிடைக்கும்?

உயிலும் அப்படித்தான். முத்திரைத்தாள் இல்லாமல் வெள்ளைத்தாளில் எழுதி, நீங்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டாலே அது செல்லும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத குடும்பம், உயில் இல்லை என்று கருதித்தான் சொத்தைப் பிரிக்கும்.

மனைவி அழுவார் என்கிறீர்கள். அழத்தான் செய்வார். இன்று அழுதால் தேற்றுவதற்கு நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். அவர் அழுகையைத் தவிர்ப்பதைவிட, அதை எதிரில் உட்கார்ந்து பார்க்கும் சங்கடத்தைத் தவிர்க்கவே நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்று நான் சந்தேகிக்கிறேன். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் சொந்த மனைவியைச் சிறுபிள்ளையைப் போல நடத்தியிருக்கிறீர்கள். தான் இல்லாத வீட்டைத் தடுமாறாமல் நடத்தும்படி மனைவியை ஆயத்தப்படுத்துவது கணவனின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்யாதவரின் அமைதியைப் பக்குவம் என்று என்னால் அழைக்க முடியாது.

மகனை இப்போதைக்கு விடுங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அதற்காக அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வாரமே பீரோவைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் மனைவியின் கையில் கொடுத்து விளக்குங்கள். ஓய்வூதிய ஆணையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்; குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் பெண்களைப் பல மாதங்கள் அலைய வைப்பது பெரும்பாலும் இந்தச் சிறிய வேறுபாடுதான். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். சாவிக்கு ஒரு நகல் செய்து அவரிடம் கொடுங்கள்.

அதன் பிறகு அவருடைய விருப்பங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்கு முன்பே போய்விடக்கூடும் என்ற நினைப்பு உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. அதையும் நினைத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் கலக்கமில்லை என்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.