நகராட்சி அறிக்கைதான் உங்கள் முதல் சாட்சி

தென் மாவட்டத்து நகராட்சி ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்து, மெட்டீரியலோடு சதுர அடி ரேட் பேசி, 2022 ஜூனில் வீடு கட்டிக் குடிபோனார். நான்கு வயது மகளுக்கு ஓயாத வயிற்று வலி, ரத்தசோகை. டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக்கொடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம். காலையில் சமையலறை டேப்பில் பிடித்த தண்ணீரைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.034 மில்லிகிராம் காரீயம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். நகராட்சி ஆட்கள் வந்து, சம்ப்புக்குள் தண்ணீர் விழுகிற இடத்தில் பாட்டிலில் பிடித்துப் போய், "காரீயம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வக அறிக்கையை நீட்டிவிட்டார்கள். அது பொய் அறிக்கை, நகராட்சி மீதும் கான்ட்ராக்டர் மீதும் ஒரு கோடி கேட்டு வழக்குப் போட வேண்டும், வழி சொல்லுங்கள் என்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தில் ஐந்து பக்கம் பொறியாளர் மரியாதை இல்லாமல் பேசியது, கவுன்சிலர் போனை எடுக்காதது, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல மறுத்தது. ஒரு தகப்பனாக உங்கள் கொதிப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த ஐந்து பக்கத்தில் வழக்குக்கு உதவுகிற வரி ஒன்றுகூட இல்லை. சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம். தண்ணீருக்குள் காரீயம் எந்த இடத்தில் சேர்ந்தது, அந்த இடம் யார் பொறுப்பில் இருந்தது?

அந்தக் கேள்வியோடு இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்கிறது, அதில் தளர்வே கிடையாது. தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் அந்த வரம்புக்குள் இருக்கிறது, சமையலறை டேப்பில் மூன்று மடங்குக்கு மேல். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காரீயம் உங்கள் வீட்டுக்குள் சேர்கிறது என்றுதான் வருகிறது. நகராட்சி அறிக்கையைப் பொய் என்று நீங்களே மனுவில் எழுதிவிட்டால் கான்ட்ராக்டருக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே அரசாங்கச் சான்றை நீங்களே கிழித்துப் போட்டதாகும். அதோடு நகராட்சியை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுத்தால், "வரி கட்டுகிறவர் நுகர்வோர் இல்லை" என்ற ஆட்சேபணை முதல் வாய்தாவிலேயே வரும், அந்த ஒரு சண்டையிலேயே வருடம் போகும். சுத்தமான தண்ணீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது உண்மைதான், அதை வைத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்று யாராவது சொல்லவும் செய்வார்கள். உங்கள் விவரங்களுக்கு அது பொருந்தாது. நகராட்சியை விடுங்கள். அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலை மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், மாதிரி எடுத்த இடமும் தேதியும் அதில் இருக்க வேண்டும்.

ஒரு கோடி பற்றி ஒரு வரி. எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதை இப்போது தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த பணம், கேட்கிற நஷ்ட ஈடு கிடையாது. வீட்டுக்கு 28 லட்சம் கொடுத்திருப்பதால் மாவட்ட ஆணையமே போதும்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். "அடுத்த வாரம் பிளம்பரை வைத்துப் பைப் லைன் முழுக்க மாற்றப் போகிறேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒருவர் இதே மாதிரி, கையில் ஆய்வக ரிப்போர்ட்டோடு வந்தார், நல்ல வழக்கு. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே பைப்பையெல்லாம் உடைத்து எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. "நான் போட்ட பைப்தான் அது என்பதற்கு என்ன ஆதாரம், பைப் எங்கே?" என்று கேட்டார், அவ்வளவுதான். வழக்கு அதற்கு மேல் எழவே இல்லை.

பைப் அங்கேயே இருக்கட்டும், அதில் வரும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சம்ப்புக்கு முன்னால், நகராட்சி இணைப்பிலேயே ஒரு டேப் வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் அங்கே பிடியுங்கள். கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம் என்கிறீர்கள், கொதிக்க வைத்தால் காரீயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குளிப்பதெல்லாம் வேறு விஷயம், வாய்க்குள் போகிற தண்ணீர்தான் முக்கியம்.

அடுத்து மாதிரி. நீங்கள் தனியாக, வீட்டிலிருந்த பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆணையத்தில் நிற்காது. பாட்டிலில் என்ன இருந்தது, எந்த டேப், எத்தனை மணிக்கு என்று எதற்கும் பதில் இல்லை. அதனால் முதலில் கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் விடுங்கள், குற்றச்சாட்டுப் பட்டியல் வேண்டாம், "இன்ன தேதியில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வக ஆட்கள் மாதிரி எடுக்க வருகிறார்கள், நீங்களும் ஆளோடு வந்து நில்லுங்கள்" என்ற அளவில் போதும். அவர் வரவில்லை என்றால் அதுவும் உங்களுக்கு நல்லதுதான். முந்தின நாள் ராத்திரியிலிருந்து யாரும் எந்த டேப்பையும் திறக்கக் கூடாது. காலையில் சமையலறை டேப்பில் முதலில் விழும் தண்ணீர் ஒரு பாட்டில், அப்புறம் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அதே டேப்பில் இன்னொன்று, மாடித் தொட்டியிலிருந்து ஒன்று, சம்ப்பில் விழும் இடத்தில் ஒன்று. எல்லாம் ஆய்வகம் கொண்டுவரும் பாட்டில், எல்லாவற்றுக்கும் சீல், கையெழுத்து, வீடியோ. ராத்திரி முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீரில் மட்டும் காரீயம் கூடுதலாக இருந்து, ஓடவிட்ட பின் குறைந்து, தொட்டியிலும் இல்லையென்றால், பழி தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பைப்பிலோ டேப்பிலோதான் விழும்.

பைப்பா டேப்பா என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பித்தளை டேப்பிலும் காரீயம் கலந்திருக்கும். அந்த சமையலறை டேப்பை வாங்கியது யார்? உங்கள் மனைவி கடையில் பார்த்துப் பிடித்து வாங்கியதாக இருந்தால், கான்ட்ராக்டர் அந்த பில்லைத்தான் தேடிக்கொண்டிருப்பார். மெட்டீரியலோடு ரேட் பேசிய ஒப்பந்தம் இருபது ரூபாய் பத்திரத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் "பிளம்பிங் ஃபிட்டிங்ஸ் ஓனர் செலவு" என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பாதிக்கு மேல் அந்த வரி இருக்கும்.

பைப்பில் அச்சிட்டிருக்கும் பெயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, பேட்ச் எண் தெரிகிற இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பி.வி.சி. பைப் சூட்டில் கெடாமல் இருக்கக் காரீயக் கலவை சேர்ப்பது இங்கே வெகுகாலம் வழக்கம். அதை விலக்கச் சொல்லி மத்திய அரசு 2021-இல்தான் தனி விதிகள் கொண்டுவந்தது. உங்கள் வீட்டுக்குப் பைப் போட்டது அதற்கு அடுத்த வருடம், ஆக எந்தத் தேதியில் தயாரான சரக்கு என்பது பெரிய கேள்வியாக வரும். முத்திரையே இல்லாத பைப் என்றால் கான்ட்ராக்டர் பாடு இன்னும் கஷ்டம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் வரும் ஒரு வாக்கியம். "பிள்ளைக்குக் கடைத் தின்பண்டமே கொடுப்பதில்லை, பாட்டி ஈயச் சொம்பில் வைக்கும் ரசம்தான் தினமும்." நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்த வரி கிடைத்தால் வழக்கு முடிந்தது. சரியான ஈயச் சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின் உலோகத்தில் செய்வது, அதில் தோஷம் இல்லை. ஆனால் சந்தையில் காரீயம் கலந்த சொம்பு தாராளமாக இருக்கிறது, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, புளி ரசம் கொதிக்கும்போது காரீயத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் மகள் உடம்பில் இருப்பது பைப்பிலிருந்து வந்ததா சொம்பிலிருந்து வந்ததா என்று கேட்டால், இன்றைய நிலையில் டாக்டராலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

இன்றைக்கே சொம்பை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். தண்ணீரையும் சொம்பையும் ஒரே நாளில் நிறுத்தினால் ரத்தத்தில் அளவு குறைந்தது எதனால் என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டமாகும், அது எனக்குத் தெரியும். இருக்கட்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், உங்கள் மகளுக்கு 12. வழக்குக்காகக் குழந்தைக்கு ஒரு வேளை ரசம்கூட அதில் கொடுக்க வேண்டாம். சொம்பைத் தேய்க்காமல் கழுவாமல் அப்படியே ஆய்வகத்தில் கொடுத்து, காரீயம் எவ்வளவு, புளிப்பில் எவ்வளவு இறங்குகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் அன்பாகத்தான் செய்தார்.

சொம்பில் காரீயம் இருந்தால் மகள் உடல்நலத்துக்கான நஷ்ட ஈட்டை அநேகமாக மறந்துவிட வேண்டியதுதான். அப்போதும் பைப்புக்கான வழக்கு அப்படியே இருக்கும், தரமற்ற பைப் போட்டதற்கு மாற்றும் செலவும் அலைச்சலுக்குக் கொஞ்சமும் கேட்கலாம். அதனால்தான் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள் என்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு வருடம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணி முடிந்துவிட்டது என்று அவர்கள் வாதிடுவார்கள், ஆய்வக ரிப்போர்ட் வந்து குறை தெரிந்த நாளிலிருந்து என்று நாம் வாதிடுவோம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்தே போடச் சொல்லுங்கள். பரிசோதனை தேவைப்படுகிற வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வருடக் கணக்குதான்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்யுங்கள். கான்ட்ராக்டரின் மச்சான் வந்து, செலவில்லாமல் பைப் மாற்றித் தருகிறோம் என்றபோது வாசலோடு விரட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் முகநூலில் போட்ட வீடியோவை எடுத்துவிடுங்கள், பெயர் சொல்லி "விஷம் வைத்தவன்" என்று பேசியிருப்பதால் அவதூறு வழக்கு அவர் கையில் ஆயுதமாக இருக்கிறது, பேச்சு ஆரம்பித்ததும் அதைத்தான் மேஜையில் வைப்பார். கூட்டு மாதிரி எடுத்து முடித்த பிறகு, பைப்பில் அச்சு உள்ள துண்டுகளை இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்து உங்களிடம் வைத்துக்கொண்டு, புது பைப் என்ன தரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். தவறு என்னுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே முறிந்து போன சமரசங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, மகள் உடல்நலம் உட்பட" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். மைனருக்காக நடக்கும் சிவில் வழக்கில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் செய்யும் சமரசம் மைனரைக் கட்டுப்படுத்தாது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32 விதி 7 அதைத்தான் சொல்கிறது. அது அவர்கள் வக்கீலுக்கும் தெரியும், அதனால் அடுத்த வரியில், "நாளை மகள் கேட்டால் அந்தப் பணத்தைத் தகப்பனே ஈடு செய்ய வேண்டும்" என்று உங்கள் கழுத்தில் போடுவார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் பைப் வேலைக்காக அதில் கையெழுத்துப் போட்ட ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். சமரசம் பைப்புக்கு மட்டும், மகளைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் வேண்டாம்.

சொம்பு ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். அதுவரை கான்ட்ராக்டருக்குப் போகும் நோட்டீஸிலும் மகள் பெயரோ ரத்தப் பரிசோதனையோ வர வேண்டாம், தண்ணீரைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.